பொருளடக்கப் பெட்டியின் தோற்றத்தைச் செப்பனிடுவது எப்படி? யோசனை சொல்லுங்க

எழுதாக்கிளவி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நீண்ட கட்டுரைகளுக்கான தளம் ஒன்றை வடிவமைச்சுக்கிட்டு இருக்கேன். ஒரு கட்டுரைக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது துணைத்தலைப்பு வரும். சிலதுக்கு உள்ளே இன்னொரு அடுக்கும் உண்டு. தலைப்புகளிலிருந்து பொருளடக்கம் தானாகவே உருவாகிடுது, அதுல தொல்லை இல்லை. தோற்றம்தான் உதைக்குது.

இப்போதைய நிலை: சாம்பல் பின்னணி, சுற்றிலும் கோடு, மூலையில் வளைவு, லேசா நிழல். இணைப்பெல்லாம் நீலம், அடிக்கோட்டோட. எண்கள் 1, 1.1, 1.2 என்று போகுது. அகலத்திரையில் வலப்பக்கம் ஒட்டிக்கிட்டு நிற்கணும்னு சிஎஸ்எஸ்ஸில் (தோற்றத்தை வகுக்கும் மொழி) பொசிஷன் ஸ்டிக்கி கொடுத்திருக்கேன். நிற்க மாட்டேங்குது, கட்டுரையோட சேர்ந்து மேலே போயிடுது. கைபேசியில் கட்டுரை தொடங்குறதுக்கு முன்னாடியே ஒரு திரை முழுக்க இதுவே அடைச்சுக்குது. ஒரு தலைப்பு மூணு வரிக்கு மடங்கினா அது எங்கே முடியுது, அடுத்தது எங்கே ஆரம்பிக்குதுன்னு கண்ணுக்குப் பிடிபடல.

மொத்தத்தில் பெட்டி கட்டுரையை விடச் சத்தமா இருக்கு. எதிலிருந்து தொடங்கலாம்?

நெடுங்கணக்கு

எடுப்பதிலிருந்து தொடங்குங்கள். பின்னணி, கோடு, வளைவு, நிழல் ஆகிய நான்கும் சொல்வது ஒரே சேதி: "இது கட்டுரை அல்ல, வேறு". அதைச் சொல்ல ஒன்று போதும். பக்கவாட்டில் தனி நிரலில் இருக்கிறதென்றால் அந்த ஒன்றும் வேண்டாம், நடுவில் உள்ள வெற்றிடமே பிரித்துக் காட்டிவிடும். கட்டுரைக்குள்ளேயே இருந்தால் இடப்பக்கம் மட்டும் ஒரு மெல்லிய கோடு.

அடிக்கோட்டையும் எடுத்துவிடலாம். ஓடும் உரைக்கு நடுவே ஓர் இணைப்பு வந்தால் அடிக்கோடு தேவை, இல்லாவிட்டால் பக்கத்துச் சொற்களோடு கலந்துவிடும். பொருளடக்கத்தில் எல்லாமே இணைப்பு. இருபது அடிக்கோடு சேர்ந்தால் வரியிட்ட நோட்டு. சுட்டியைக் கொண்டுபோகும்போதும் விசைப்பலகையால் தாவும்போதும் மட்டும் அடிக்கோடு தெரிந்தால் போதும். நிறமும் நீலமாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. உரையின் நிறத்தைவிட ஒரு படி மங்கலாக வையுங்கள்.

மடங்கும் வரிகள் விஷயத்தில் ஒரே விதி: ஒரு தலைப்புக்குள் இருக்கும் வரியிடைவெளியை விட, இரண்டு தலைப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி கண்ணில் படும்படி அதிகமாக இருக்க வேண்டும். உள்ளே 1.5 என்றால் வெளியே கூடுதலாக 0.6 எம் (எழுத்தின் அளவை வைத்துக் கணக்கிடும் அலகு). இப்போது இரண்டும் ஒன்றாக இருப்பதால்தான் உங்களுக்குப் பிடிபடவில்லை. அதோடு, மடங்கிய இரண்டாம் வரி எண்ணுக்குக் கீழே போய் நிற்கக்கூடாது. முதல் வரியின் எழுத்துக்கு நேர் கீழே தொடங்க வேண்டும். எண்ணுக்கு ஒரு நிரல், தலைப்புக்கு ஒரு நிரல் என்று கிரிட் போட்டால் தானாக வந்துவிடும்.

பக்கவாட்டு

ஸ்டிக்கி நிற்காததுக்குப் பெரும்பாலும் ரெண்டே காரணம்தான்.

ஒண்ணு, மேலே உள்ள ஏதாவது ஒரு தாய் உறுப்புக்கு ஓவர்ஃப்ளோ ஹிட்டன் (வெளியே வழியுறதை வெட்டி மறைக்கும் விதி) இருக்கும். பக்கவாட்டு உருட்டல் வரக்கூடாதுன்னு பல வார்ப்புருக்களில் வெளி உறையிலேயே இதைப் போட்டு வெச்சிருப்பாங்க. அப்படிப் போட்டதும் அந்த உறையே உருளும் பெட்டி ஆயிடும். ஸ்டிக்கி அதைப் பார்த்துதான் ஒட்டும், திரையைப் பார்த்து இல்லை. ஹிட்டனை எடுத்துட்டு ஓவர்ஃப்ளோ கிளிப் போடுங்க. வெட்டும் வேலை நடக்கும், உருளும் பெட்டி உருவாகாது.

ரெண்டாவது, கிரிட்டுக்குள்ளே உறுப்புகள் இயல்பாவே வரிசையின் முழு உயரத்துக்கும் நீண்டுக்கும். பொருளடக்கமே கட்டுரை உயரத்துக்கு நீண்டுட்டா அது நகர இடம் ஏது? அலைன்-செல்ஃப் ஸ்டார்ட் கொடுத்தா நீளாம தன் உயரத்திலேயே நிற்கும், சரியாயிடும். ஆனா அசைட் (பக்கவாட்டுப் பகுதிக்கான உறுப்பு) வெளியே, நேவ் (இணைப்புப் பட்டிக்கான உறுப்பு) உள்ளே, ஸ்டிக்கி நேவுக்கு என்று இருந்தா கதை தலைகீழ். அப்போ அசைட் நீண்டுதான் இருக்கணும், அதைச் சுருக்கினா உள்ளே இருக்கிறது நகராது. இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஒண்ணை மாத்தி இன்னொண்ணைக் கெடுத்துக்குவாங்க.

பொருளடக்கம் திரையை விட நீளம்னா அதுக்கே தனி உருட்டலும் வேணும். அதிகபட்ச உயரம் 100விஎச் (திரையின் மாறாத உயரம்) இல்லாம 100டிவிஎச் (அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் உயரம்) கணக்கில், மேல்பட்டையைக் கழிச்சுக்கிட்டுக் கொடுங்க. ஓவர்ஸ்க்ரோல்-பிஹேவியர் கன்டெயின் சேர்த்துடுங்க. இல்லேன்னா பட்டியல் கடைசி வரைக்கும் உருண்டதும் பின்னாடி கட்டுரை உருள ஆரம்பிச்சிடும்.

அரவம்

நான் ஒரு எளிய வழி சொல்றேன். ஒவ்வொரு தலைப்பையும் ஒரே வரிக்குள் அடக்குங்க, மீதியை முப்புள்ளி போட்டு வெட்டிடுங்க. வரி மடங்குற பிரச்சினையே இருக்காது, பார்க்கவும் சுத்தமா இருக்கும். ஆங்கில ஆவணத் தளங்கள் பலதில் அப்படித்தான் இருக்கு.

ஒற்றெழுத்து

அரவம், ஆங்கிலத்தில் அது ஓரளவுக்கு ஓடும், தமிழில் ஓடாது. நம் சொற்றொடரில் முக்கியமானது கடைசியில் வரும். "ஸ்டிக்கி உறுப்புகள் கிரிட்டுக்குள் நிற்காமல் போவதற்கான காரணங்கள்", "ஸ்டிக்கி உறுப்புகள் கிரிட்டுக்குள் நிற்காமல் போனால் சரிசெய்யும் முறை" என்று இரண்டு தலைப்பு இருக்கட்டும். ஒரு வரியில் வெட்டினால் இரண்டுமே "ஸ்டிக்கி உறுப்புகள் கிரிட்டு..." என்றுதான் நிற்கும். தேடி வந்தவருக்கு எது காரணம், எது தீர்வு என்று தெரியாது. பொருளடக்கத்துக்கு இருக்கும் ஒரே வேலை அதைக் காட்டுவதுதான், அதையே வெட்டி எறிந்துவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்றால் என்ன பயன்?

மடங்கட்டும். மூன்று வரியானாலும் மடங்கட்டும். மடங்குவதை அழகாக்குங்கள்: டெக்ஸ்ட்-ராப் பேலன்ஸ் கொடுத்தால் முதல் வரி நிரம்பி இரண்டாம் வரியில் ஒற்றைச் சொல் தொங்குவது குறையும். அதை ஏற்காத உலாவியில் வழக்கம்போல மடங்கும், நட்டமில்லை.

தமிழ் எழுத்து சார்ந்து இன்னும் சில, எழுதாக்கிளவிக்கு:

நிரல் அகலத்தை சிஎச் அலகில் கொடுக்காதீர்கள். அது சுழியத்தின் அகலத்தை வைத்துக் கணக்கிடுவது. ண, ஞ, னை, ணௌ எல்லாம் அதைவிட வெகு அகலம். 30சிஎச் என்று எழுதினால் முப்பது எழுத்து கொள்ளும் என்று நம்பி ஏமாறுவீர்கள். பக்கத்தின் அடிப்படை எழுத்தளவை வைத்துக் கணக்கிடும் ரெம் அலகே மேல். 16 முதல் 18 ரெம் வரை வைத்துப் பாருங்கள்.

வரியிடைவெளியை 1.3க்கு இறக்காதீர்கள். மேல்வரியில் "மூ", "ழு" இருந்து, அதற்கு நேர் கீழே "கீ", "றி" வந்தால் பல எழுத்துருக்களில் உரசும். நெடுங்கணக்கு சொன்ன 1.5 பாதுகாப்பானது.

இரண்டாம் அடுக்கை வேறுபடுத்திக் காட்டச் சாய்வெழுத்து போடுவது ஆங்கில வழக்கம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவமே கிடையாது. உலாவி நேரான எழுத்தைப் பிடித்துத் தள்ளி சாய்த்துவிடும், பார்க்கக் கண்றாவி. தடிப்பும் அப்படியே. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை போன்றவற்றில் உண்மையான தடிமன்கள் பல உண்டு. ஆனால் நீங்கள் தளத்தில் ஏற்றியிருப்பது 400 (சாதாரணத் தடிமன்) மட்டும் என்றால் 700 (தடித்தது) கேட்கும்போது உலாவி தானாகப் பூசித் தடிப்பாக்கும். "ணு", "ஞூ" எல்லாம் உள்ளே அடைத்துக்கொண்டு கரும்புள்ளி ஆகிவிடும். ஃபான்ட்-சின்தசிஸ் நன் போட்டால் இந்தப் போலிகள் நிற்கும்.

செவிவழி

நான் திரைவாசிப்பான் வைத்து இணையம் படிப்பவன். தோற்றம் பற்றிய பேச்சில் என் பங்கு கொஞ்சம்தான், ஆனால் தோற்றத்துக்காகச் செய்யும் சில காரியங்கள் எங்களைத்தான் பாதிக்கும்.

பட்டியலைப் பட்டியலாகவே வையுங்கள். நேவ் உறுப்புக்குள், ஓஎல் (பட்டியல்), எல்ஐ (அதன் உருப்படி). "பட்டியல், 14 உருப்படிகள்" என்று கேட்டவுடனேயே கட்டுரையின் நீளம் எனக்குப் பிடிபட்டுவிடும். எல்லாவற்றையும் வெறும் டிவ் (தனிப்பொருள் இல்லாத பெட்டி) ஆக்கி உள்தள்ளலைப் பேடிங்கால் மட்டும் காட்டினால், எது எதற்குள் அடங்கும் என்று எனக்குத் தெரிய வழியில்லை. இன்னொன்று: லிஸ்ட்-ஸ்டைல் நன் கொடுத்துவிட்டால் சஃபாரி சில இடங்களில் அதைப் பட்டியலாகவே சொல்லாது. நேவுக்குள் இருந்தால் அந்தச் சிக்கல் இல்லை. அதற்காகவும் நேவ் நல்லது. நேவுக்கு ஏரியா-லேபிள் (திரைவாசிப்பான் சொல்லும் பெயர்) கொடுங்கள், தளத்தின் முதன்மைப் பட்டியோடு குழம்பாமல் இருக்கும்.

மங்கல் நிறம் பற்றி: "ஒரு படி மங்கல்" என்று சொன்னவர் அளவு சொல்லவில்லை. வெள்ளையில் #999 என்ற சாம்பல் நிறத்தை வைத்தால் வேறுபாடு 2.85க்கு 1 தான் வரும். வலை அணுகல்தன்மை வழிகாட்டி சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பது 4.5க்கு 1. #767676 அதை மயிரிழையில் தாண்டும். எனக்குப் பார்வை இல்லை, என் நண்பர்களில் அரைகுறைப் பார்வை உள்ளவர்கள் உண்டு. அவர்களுக்கு #999 காலித்தாள்.

நெடுங்கணக்கு

> "ஒரு படி மங்கல்" என்று சொன்னவர் அளவு சொல்லவில்லை

நியாயம். நான் வைப்பது #555 அளவில். #767676 எல்லைக்கோடு, பின்னணி தூய வெள்ளையாக இல்லாமல் சற்றே பழுப்பாக இருந்தாலே கீழே இறங்கிவிடும்.

அரவம்

சரி, முப்புள்ளியை வாபஸ் வாங்கிக்கிறேன் :) ஆனா எண்களை எடுத்துடுங்கன்னு சொல்றதில் உறுதியா இருக்கேன். 1, 1.1, 1.2 எல்லாம் ஆய்வேட்டு வாடை. 2023 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா வெக்டர் 2022 என்ற புதுத் தோற்றத்துக்கு மாறினப்போ, பொருளடக்கத்தைக் கட்டுரைக்குள்ளிருந்து பக்கவாட்டுக்கு எடுத்துட்டுப் போனதோட எண்களையும் கழற்றிட்டாங்க. உள்தள்ளல் மட்டுமே அடுக்கைக் காட்டுது, யாரும் தொலைஞ்சு போகல.

நெடுங்கணக்கு

விக்கிப்பீடியாவில் கட்டுரைக்குள் தலைப்புகளுக்கு எண் இயல்பாகக் கிடையாது. பொருளடக்கத்தில் மட்டும் எண் இருந்து, உள்ளே தலைப்பில் இல்லாமல் இருந்ததுதான் அங்கே பொருந்தாமை. ஆகவே எடுத்தது சரி. எழுதாக்கிளவியின் தளத்தில் எப்படி? "பகுதி 4.2 பார்க்க" என்று எழுத்தாளர்கள் குறிப்பிடுவார்கள் என்றால் இரண்டு இடத்திலும் எண் வேண்டும். குறிப்பிட மாட்டார்கள் என்றால் இரண்டு இடத்திலும் வேண்டாம். ஒரு இடத்தில் மட்டும் என்பதுதான் மோசம்.

எழுதாக்கிளவி

எங்க கட்டுரைகளில் அப்படிக் குறிப்பிடும் வழக்கம் இல்லை. எண்களை எடுத்துடறேன். தமிழ் எண்கள் போட்டா நல்லா இருக்குமேன்னு ஒரு ஆசை இருந்தது, லிஸ்ட்-ஸ்டைல்-டைப் தமிழ் என்று கொடுத்தா ௧, ௨, ௩ அழகா வருது. ஆனா படிக்கிறவங்கள்ல எத்தனை பேருக்கு ௭க்கும் எகரத்துக்கும் வேறுபாடு சட்டுனு தெரியும்? விட்டுட்டேன்.

பக்கவாட்டு சொன்ன ரெண்டு காரணமுமே இருந்தது! உறையில் ஹிட்டன், கிரிட்டில் நீட்சி. இப்போ நிற்குது. பெட்டி, நிழல், நீலம் எல்லாம் போயாச்சு. பக்கம் மூச்சு விடுது.

அடுத்தது. படிச்சுக்கிட்டிருக்கும் பகுதியைப் பட்டியலில் தடித்த எழுத்தில் காட்டினேன். உருட்டும்போது பட்டியல் துடிக்குது. ஒவ்வொரு தலைப்பு தடிப்பாகும்போதும் அகலம் கூடி, ரெண்டு வரியில் இருந்தது மூணு வரி ஆகி, கீழே இருக்கிறதெல்லாம் குதிக்குது. தவிர, சில கட்டுரைகளில் இந்த அடையாளம் வேலையே செய்யல.

பக்கவாட்டு

தடிமனை மாத்தாதீங்க, அவ்வளவுதான். இடப்பக்கம் எல்லா உருப்படிக்கும் 2 பிக்சல் கோடு ஒளிபுகும் நிறத்தில் முன்கூட்டியே இருக்கட்டும். நடப்புப் பகுதிக்கு அந்தக் கோட்டுக்கு நிறம் ஏறும், எழுத்து மங்கலிலிருந்து முழுக் கருப்புக்குப் போகும். இடம் ஏற்கெனவே ஒதுக்கியிருக்கிறதால எதுவும் நகராது. நிறம் மட்டும் மாறாம கோடும் வர்றதால நிறக்குருடு உள்ளவங்களுக்கும் தெரியும்.

ஏரியா-கரண்ட் பண்பை (நடப்பு எதுன்னு திரைவாசிப்பானுக்குச் சொல்றது) நடப்பு இணைப்புக்குக் கொடுத்து, சிஎஸ்எஸ்ஸிலும் அந்தப் பண்பையே பிடிச்சு அலங்காரம் பண்ணுங்க. தனியா ஒரு கிளாஸ் வேண்டாம். கண்ணுக்கும் காதுக்கும் ஒரே ஆதாரம்.

இப்போ வேலை செய்யாத கட்டுரைகள். அந்தத் தலைப்புகளின் ஐடி (இணைப்பு தாவிச் சேர வேண்டிய இடத்தின் அடையாளம்) தமிழில் இருக்கா?

எழுதாக்கிளவி

ஆமா, தலைப்பையே ஐடியாக்கி வெச்சிருக்கு. ஆங்கிலச் சொல் மட்டும் உள்ள தலைப்புகளில் ஓடுது, தமிழில் ஓடல. இப்போதான் கவனிக்கிறேன்.

பக்கவாட்டு

அதேதான். இணைப்பின் ஹாஷை (முகவரியில் # குறியிலிருந்து தொடங்கும் பகுதி) ஜாவாஸ்கிரிப்டில் கேட்டா, தமிழ் எழுத்தாத் தராது, விழுக்காட்டுக் குறியோட குறியேற்றம் பண்ணித்தான் தரும். ஐடியில் இருக்கிறதோ நேரடித் தமிழ். ரெண்டும் பொருந்தாது. குவெரி-செலக்டருக்கு அப்படியே கொடுத்தா விழுக்காட்டுக் குறியைப் பார்த்துப் பிழையே எறியும். டீகோட்-யூஆர்ஐ-காம்போனன்ட் வழியா மாத்தி, கெட்-எலிமென்ட்-பை-ஐடியில் தேடுங்க.

இன்னொரு கண்ணிவெடியும் இருக்கு. "கொ" என்பதை ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியா சேர்ந்தும் எழுதலாம், "ொ" என்ற ஒரே குறியாவும் எழுதலாம். திரையில் துளி வேறுபாடு தெரியாது. கணினிக்கு ரெண்டும் வேறு. எங்கேயோ ஒட்டி எடுத்த தலைப்பில் இது வந்தா இணைப்பு செத்துடும். ஐடி உருவாக்கும்போதே, ஒரே குறியாச் சேர்த்து வைக்கும் என்எஃப்சி வடிவத்துக்குச் சீராக்கிடுங்க.

ஒற்றெழுத்து

என்னைக் கேட்டால் ஐடியைத் தமிழில் வைப்பதையே மறுபரிசீலனை செய்யலாம். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்; குறியேற்றியபின் ஒவ்வொன்றும் 9 எழுத்து. "தமிழ்" என்பது ஐந்து குறிகள், ஆக 45 எழுத்து. நீண்ட தலைப்பின் முகவரியை யாராவது அரட்டையில் ஒட்டினால் பாதித் திரை குப்பை. பகுதிக்கு ஒரு குறுகிய அடையாளம், அதுவும் தலைப்பைத் திருத்தினாலும் மாறாததாக இருந்தால் பழைய இணைப்புகளும் உடையாது. இழையின் பொருளை விட்டு விலகுகிறேன், நிறுத்திக்கொள்கிறேன்.

அரவம்

நடப்புப் பகுதியைக் கண்டுபிடிக்க இன்டர்செக்ஷன் அப்சர்வர்தானே (ஓர் உறுப்பு திரைக்குள் வந்ததும் சொல்ற உலாவி வசதி) போட்டிருக்கீங்க? முழுத்திரையையும் கண்காணிக்காதீங்க. கீழ்ப்பக்கம் 70 விழுக்காடு கழிச்சு, மேல்பட்டைக்குக் கீழே ஒரு குறுகிய பட்டையை மட்டும் கவனிக்கச் சொல்லுங்க. இல்லேன்னா ஒரே நேரத்தில் மூணு தலைப்பு திரையில் இருந்து எது நடப்புன்னு குழம்பும். பட்டையில் எந்தத் தலைப்பும் இல்லாத நேரத்தில் கடைசியா இருந்ததையே வெச்சிருக்கணும், அடையாளத்தை அழிக்கக்கூடாது. கடைசிப் பகுதி நாலு வரிதான்னா அது மேல்பட்டை வரைக்கும் ஏறவே ஏறாது. பக்கத்தின் அடியைத் தொட்டதும் கடைசி உருப்படியை ஏற்றிவிடுன்னு ஒரு விதிவிலக்கு எழுதிக்கணும்.

குரோமில் ஸ்க்ரோல்-டார்கெட்-குரூப் என்று சிஎஸ்எஸ்ஸே இதைப் பண்ற வழி வந்திருக்கு. இப்போதைக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

சொடுக்கினதும் தலைப்பு மேல்பட்டைக்கு அடியில் போய் ஒளிஞ்சா, தலைப்புகளுக்கு ஸ்க்ரோல்-மார்ஜின்-டாப். பட்டை உயரத்தை விடக் கொஞ்சம் கூட.

செவிவழி

வழுக்கிப் போகும் உருட்டலுக்காகச் சொடுக்கலை ஜாவாஸ்கிரிப்டில் தடுத்துவிட்டு நீங்களே உருட்டாதீர்கள். உலாவி தன் போக்கில் தாவினால், அடுத்து டேப் அடிக்கும்போது அந்தப் பகுதியிலிருந்து தொடரும். நீங்கள் தடுத்தால் கண் அங்கே போகும், விசைப்பலகை இங்கேயே நிற்கும். ஸ்க்ரோல்-பிஹேவியர் ஸ்மூத் என்று சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி போதும். அசைவைக் குறைக்கச் சொல்லி அமைத்திருப்பவர்களுக்கு அதையும் நிறுத்திவிடுங்கள். நீண்ட பக்கம் சர்ரென்று ஓடினால் சிலருக்குத் தலைசுற்றும்.

எழுதாக்கிளவி

எல்லாம் ஓடுது. நன்றி நண்பர்களே. இனி கைபேசி. டீடெய்ல்ஸ் உறுப்பில் (தொட்டால் திறந்து மூடுறது) மூடி வைக்கலாம்னு நினைக்கிறேன், அகலத்திரையில் மட்டும் திறந்தே இருக்கணும்.

நெடுங்கணக்கு

கைபேசிக்கு டீடெய்ல்ஸ் நல்ல தேர்வு. மூடிய நிலையில் "பொருளடக்கம்" என்று மட்டும் இல்லாமல் பக்கத்திலேயே "14 பகுதிகள்" என்று காட்டுங்கள்; திறக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க உதவும். அகலத்திரையில் திறந்திருப்பதற்கு ஓப்பன் பண்பை எச்டிஎம்எல்லிலேயே கொடுத்து, குறுகிய திரையில் சிறு ஜாவாஸ்கிரிப்ட் அதை நீக்கட்டும். ஜாவாஸ்கிரிப்ட் ஓடாவிட்டால் திறந்த பட்டியல் மிஞ்சும், மூடிய பட்டியல் மிஞ்சாது.

அகலத்திரையில் பார்க்கும் நெருக்கத்தைக் கைபேசிக்குக் கொண்டுபோகாதீர்கள். 2023 அக்டோபரில் வந்த அணுகல்தன்மை வழிகாட்டியின் 2.2 பதிப்பு தொடும் இலக்குக்குக் குறைந்தபட்சம் 24க்கு 24 பிக்சல் கேட்கிறது. கட்டைவிரலுக்கு அதுவே நெருக்கடி, நான் 44 வைப்பேன். இடைவெளியை எல்ஐக்கு மார்ஜினாகக் கொடுக்காமல் இணைப்புக்கே பேடிங்காகக் கொடுத்து, அதை பிளாக் ஆக்கிவிட்டால் வரி முழுவதும் தொட ஏற்றதாகும்.

எழுதாக்கிளவி

கடைசியா ஒண்ணு. ரெண்டாம் அடுக்கை மூடி வெச்சு, நடப்புப் பகுதிக்கு மட்டும் திறக்கலாமா? இருபதும் அதன் உட்பிரிவுகளும் சேர்ந்தா பட்டியல் ரொம்ப நீளம்.

அரவம்

திறக்கலாம். பல ஆவணத் தளங்களில் அப்படித்தான்.

ஒற்றெழுத்து

வேண்டாம் என்பேன். தடித்த எழுத்தால் பட்டியல் குதித்ததே, அதைவிடப் பெரிய குதி இது. வாசகர் ஒரு உருப்படியைச் சொடுக்கப் போகும் நேரத்தில் மேலே ஒன்று மூடி, கீழே ஒன்று திறந்து, விரல் வேறெங்கோ விழும்.

பக்கவாட்டு

ரெண்டு பேரும் சொல்றது சரிதான், எதுக்காகத் திறக்கிறோம்கிறதுதான் கேள்வி. உருட்டும்போது தானாத் திறந்தா ஒற்றெழுத்து சொல்ற தொல்லை நிச்சயம். வாசகரே பக்கத்தில் உள்ள அம்புக்குறியை அழுத்தித் திறந்தா தொல்லை இல்லை, அவர் கேட்டுத்தான் நகருது. நடப்பு உட்பிரிவு மூடிக் கிடந்தா அதன் தாய்த்தலைப்பில் கோட்டைக் காட்டிடுங்க. பட்டியலுக்குள் நடப்பு உருப்படி கண்ணுக்கு மறைஞ்சு போனா ஸ்க்ரோல்-இன்டு-வியூவில் பிளாக் நியரஸ்ட் கொடுத்து மெல்ல இழுத்துக்கலாம், ஆனா சுட்டி பட்டியல் மேலே இருக்கும்போது அதையும் பண்ணாதீங்க.

எழுதாக்கிளவி

அம்புக்குறி வழியில போறேன். அச்சுக்கு என்ன பண்றதுன்னு யாராவது கேட்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்: அச்சில் பக்கவாட்டு நிரலை மறைச்சாச்சு.

நெடுங்கணக்கு

உலாவியிலிருந்து நேரடியாக அச்சிடுபவர்களுக்கு அது போதும். பின்னால் பிடிஎஃப் நூலாக்கும் எண்ணம் வந்தால் மறைக்காதீர்கள். வலைப்பக்கத்தை நூற்பக்கங்களாக்கும் பேஜ்ட்.ஜேஎஸ், பிரின்ஸ் போன்றவற்றில் டார்கெட்-கவுன்டர் உண்டு, இணைப்பு போய்ச் சேரும் பக்கத்தின் எண்ணைத் தானே எடுத்து எழுதும். தலைப்புக்கும் எண்ணுக்கும் நடுவே புள்ளி வரிசை வேண்டுமென்றால் பிரின்ஸில் லீடர் இருக்கிறது. அங்கே மட்டும் மூன்று வரித் தலைப்பின் எண், கடைசி வரியோடு சேர்ந்து நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.